ஆனையூர் காலிமனையில் ஒரு விசைப்படகு

கடலில் ஓடும் படகுக்கு மதுரையில் உட்கார்ந்து வயரிங் செய்தவன் அநேகமாக நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இதைச் சொன்னால் பெருமையடிக்கிறேன் என்பார்கள். பெருமைதான். ஆனால் அதில் முக்கால் பங்கு என் மனைவிக்குச் சேர வேண்டியது. இத்தனை வருடம் முழுசாக நானே வைத்துக்கொண்டிருந்தேன், இப்போதாவது கொடுத்துவிடுகிறேன்.

நான் லாரி எலக்ட்ரீஷியன். திருமங்கலம் ரோட்டில் கடை, ஆனையூரில் வீடு. எங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். சொந்தக்காரர்களில் பாதிப்பேர் தறியில், மீதிப்பேர் ஜவுளிக்கடையில். நான் மட்டும் எப்படியோ லாரிக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டேன். கைக்கு நல்ல பெயர், வாய்க்குக் கெட்ட பெயர். வேலையில் யாராவது யோசனை சொன்னால் எனக்குச் சுள்ளென்று வந்துவிடும். அதிலும் வீட்டில் சொன்னால் கேட்கவே வேண்டாம்.

மீன்பிடித் தடைக்காலம் என்று ஒன்று வந்த புதிது. பக்கத்து வீட்டில் கடலோர மண்டபம் ஊர்க்காரர் ஒருவர் மனைவியோடு வந்து தங்கியிருந்தார். அந்த அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். ஒரு கண் முடிந்து, அடுத்த கண்ணுக்கு நாள் குறித்திருந்தார்கள். அவருக்குச் சொந்தமாக ஒரே ஒரு பழைய விசைப்படகு இருந்தது. சாயங்காலம் வாசலில் நிற்கும்போது கடலைப் பற்றிப் பேசுவார், நான் லாரியைப் பற்றிப் பேசுவேன். இரண்டு பேருக்கும் மற்றவர் பேசுவது பாதிதான் புரியும்.

ஒருநாள் விஷயத்தைச் சொன்னார். தடைக்காலத்துக்கு முன் கடைசியாகப் போன அன்றைக்கு, நடுக்கடலில் கேபினுக்குள் புகை வந்து மொத்த விளக்கும் அணைந்துவிட்டதாம். பழைய வயர், முப்பது இடத்தில் ஒட்டுப் போட்டது. இருட்டில் ஒரு பெரிய படகு இவர்கள் மேலேயே வந்திருக்கிறது. அவருடைய மூத்த மச்சினன் கைலியை அவிழ்த்து டீசலில் நனைத்துக் கொளுத்தி ஆட்டிய பிறகுதான் விலகிப் போயிருக்கிறது. படகில் போகிற நாலு பேரும் அவருடைய மச்சினன்கள். கரைக்கு வந்ததும் நாலு பேரும் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்கள்: வயரிங்கை முழுக்க மாற்றாமல் ஏற மாட்டோம். அங்கே உள்ள எலக்ட்ரீஷியன்களோ, எல்லாப் படகும் கரையில் நிற்கிற நேரம் என்பதால் கையில் அகப்படவில்லை.

"வேற ஆள் பிடிக்கலாம்லண்ணே?" என்றேன்.

"மச்சினன்மாரே ஏறாத போட்டுல எவன் தம்பி ஏறுவான்?" என்றார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. கூடவே வாய் சும்மா இருக்கவில்லை. "ஒரு லாரிக்கு நாப்பது பல்பு போடுறவண்ணே நான். ஒங்க போட்டுல மிஞ்சிப் போனா பன்னெண்டு. இங்கயே செஞ்சு சுருட்டிக் குடுத்துர்றேன். நீங்க கொண்டு போயி விரிச்சு மாட்ட வேண்டியதுதான், இம்புட்டுத்தான்" என்றேன்.

அளவு வேண்டுமே. எஸ்.டி.டி. பூத்திலிருந்து மூத்த மச்சினனிடம் பேசி வாங்கி வந்தார். எல்லாம் பாகம் கணக்கில் இருந்தது. இரண்டு கையையும் விரித்தால் அது ஒரு பாகம். யார் கை என்று கேட்டேன். மச்சினன் கை என்றார். மச்சினன் இவரைவிட ஒரு சாண் உயரமாம். இவரைச் சுவரோரம் கையை விரித்து நிற்கவைத்து டேப்பால் அளந்து, மச்சினனுக்காகக் கொஞ்சம் கூட்டிப் போட்டுக்கொண்டேன்.

வீட்டை ஒட்டி ஒரு காலிமனை இருந்தது. அதில் முள்செடியை வெட்டித் தள்ளிவிட்டு, படகை அதே அளவில் தரையில் வரையச் சொன்னேன். என் மனைவி கோலமாவை எடுத்துக்கொண்டு இறங்கினாள். நாற்பதடி நீளம், பன்னிரண்டடி அகலம். முன்னால் கூர்மையாக அணியம், நடுவில் எஞ்சின், பின்னால் கேபின். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வளைவாக வரவேண்டும் என்று அவள் மூன்று தடவை அழித்து வரைந்தாள். தெருவில் போன ஒருவர் நின்று பார்த்துவிட்டு, "மனை முன்னாடி கூரா இருக்கே, வாஸ்து இடிக்குமே" என்று கவலைப்பட்டுவிட்டுப் போனார்.

படகுக்காரர் வந்து பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கோட்டுக்குள் வந்தார். எஞ்சின் இருக்கும் கட்டத்தைச் சுற்றித்தான் நடந்தார், ஒரு தடவைகூட மிதிக்கவில்லை. நான் அதன் நடுவில் நின்றே வேலை பார்த்தேன். அவருக்கு அது பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

ஒரு வாரம், கடைக்குப் போய்வந்த நேரம் போக, அங்கேதான் கிடந்தேன். முளை அடித்து, வயரை இழுத்து, ஸ்லீவ் மாட்டி, டேப் சுற்றி, இடதுபக்கம் சிவப்பு, வலதுபக்கம் பச்சை, மேலே வெள்ளை, மீன் பிரிக்கிற இடத்துக்கு ஒன்று, எஞ்சினுக்கு ஒன்று என்று வரிசையாக முடித்தேன். கடைசி நாள் அவரை ஸ்டூல் போட்டு உட்காரவைத்து ஒவ்வொன்றாக விளக்கினேன். லாரி வேலையின் சுத்தம் எப்படி, சிக்கனம் எப்படி, ஒரு இடத்திலாவது தேவையில்லாத வயர் இருக்கிறதா பாருங்கள் என்று எனக்கு நானே மாலை போட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் என் மனைவி காபி கொண்டுவந்தாள். டம்ளரை அவரிடம் கொடுத்துவிட்டு, என் பக்கம் திரும்பி எங்கள் பாஷையில் ஒன்று கேட்டாள். சர்க்கரை போதுமா என்று கேட்கிற முகம். கேட்டது அது அல்ல. படகு முழுக்க மரம் என்று அவர் சொன்னாரே, எர்த்தை எங்கே கொடுப்பீர்கள் என்று கேட்டாள்.

லாரியில் ஒரு பல்புக்கு ஒரு வயர்தான். கரண்ட் வயர் வழியாகப் போகும். திரும்பி வருவதற்கு லாரியின் இரும்பு உடம்பே பாதை. பாடி எர்த் என்போம். ராத்திரி பகல் பார்க்காமல் டிரைவர்கள் வீட்டுக்குப் போன் பண்ணுவார்கள், நானும் "பாடி எர்த்தைச் சுரண்டிப் போடுய்யா" என்று கத்துவேன். அதைக் கேட்டுக் கேட்டே அவளுக்கு அது மனப்பாடம்.

எனக்குச் சுள்ளென்று வந்தது. உள்ளே போய் வேலையைப் பார் என்று எங்கள் பாஷையிலேயே சீறினேன். சீறிவிட்டுத் தரையைப் பார்த்தேன். பன்னிரண்டு பல்புக்கும் ஒற்றை வயர். திரும்பி வர வழியே இல்லை. இத்தனை வருட அனுபவத்தில் நான் ஒருநாளும் மரத்துக்கு வயரிங் செய்ததில்லை என்பது அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது.

உடனே மூளை குறுக்கே ஓடியது. எஞ்சின் இரும்புதானே? அதிலிருந்து ஒரு இரும்புப் பட்டையைச் சுற்றிலும் ஓட்டி எர்த்தைக் கொடுத்தால் எல்லாம் எரியும். அவருக்குத் தெரியவே தெரியாது. அதை அவளிடம் எங்கள் பாஷையில் சொன்னேன். எரியும், உப்புத்தண்ணியில் எத்தனை நாளைக்கு என்று கேட்டாள். கேட்டுவிட்டு, அவர் குடித்து முடித்த டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வந்த ஆள் முன்னால் என் மானத்தைக் காப்பாற்றிவிட்டாள். மீதியை என்னிடம் விட்டுவிட்டாள்.

"அண்ணே, தப்புப் பண்ணிட்டேன்" என்றேன். "லாரி நெனப்புல பாதி வயரிங்தான் போட்டிருக்கேன். இதை மாட்டுனா ஒரு பல்பும் எரியாது."

அவர் தரையில் கிடந்த வயரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சொன்னார்: "நீங்க ரெண்டு பேரும் பேசுனதுல ஒரு எழுத்துகூட எனக்குப் புரியல தம்பி. ஆனா தங்கச்சி கேட்டதும் ஒங்க மூஞ்சி செத்துப்போச்சு. என்னமோ இருக்குன்னு தெரிஞ்சுச்சு. நீங்க சொல்லாமச் சுருட்டிக் குடுத்திருந்தா வாங்கிட்டுத்தான் போயிருப்பேன். ஆனா போட்டுல ஏத்திருக்க மாட்டேன்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வெயில் என்று சொல்லிச் சமாளித்தேன்.

கடையை மூன்று நாள் பூட்டினேன். சுற்றிய டேப்பையெல்லாம் அறுத்து, ஒவ்வொரு வயருக்கும் பக்கத்தில் திரும்பி வரும் கறுப்பு வயர் ஒன்று ஓட்டினோம். ஒரு முனையை அவர் பிடித்தார், மறுமுனையை என் மனைவி பிடித்தாள், நான் குனிந்து கட்டிக்கொண்டே போனேன். இரண்டாவது கண்ணும் முடிந்து, கறுப்புக் கண்ணாடி போட்ட அந்த அம்மா நிழலில் உட்கார்ந்து நாங்கள் படும் பாட்டைப் பார்த்துச் சிரித்தார். எஞ்சின் இருக்கும் இடத்தை இந்தத் தடவை நானும் சுற்றித்தான் நடந்தேன்.

மாட்டுவதற்கு நானே மண்டபம் போனேன். தடை முடிகிற அன்றைக்குச் சாயங்காலம் வேலை தீர்ந்தது. ஸ்விட்சைப் போட்டேன். சிவப்பு, பச்சை, வெள்ளை, எல்லாம் எரிந்தன. கைலியைக் கொளுத்திய அந்த மூத்த மச்சினன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்விட்ச் பெட்டியைத் திறந்து உள்ளே இருந்த வயர்களை விரலால் எண்ணினார்.

"பல்புக்கு ரெண்டு வயராண்ணே?"

"ரெண்டு" என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை. "மொதல்ல ஒண்ணுதான் போட்டேன். எனக்குத் தெரியல. எங்க வீட்டுல கேட்ட பெறகுதான் ரெண்டாச்சு."

அவர் என்னைப் பார்த்தார். கீழே குதித்துக் கரையோரமாக நடந்தார். மற்ற மூன்று பேரும் பின்னால் போனார்கள். காரியத்தைக் கெடுத்துவிட்டோம், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா என்று நான் கயிற்றைப் பிடித்தபடி நின்றேன்.

கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார்கள். ஒருவர் தோளில் அரிசி, ஒருவர் கையில் தண்ணீர்க் கேன்கள், ஒருவரிடம் அடுப்பு. மூத்தவர் நாலு பேருடைய துணிப்பைகளையும் சேர்த்துத் தூக்கி வந்தார். கீழே நின்றபடியே என்னிடம் நீட்டினார்.

"கேபின்ல வைங்கண்ணே. காலைல வெள்ளன கெளம்பணும்."

குனிந்து வாங்கினேன். நல்ல கனம். அதை வாங்கியிருக்க வேண்டியது என் மனைவி.