பிரியாணிப் பெட்டியில் சிரித்தவர்

என் மேசையின் கீழ் இழுப்பறையில், பழைய ரப்பர் முத்திரைகளுக்கு அடியில், ஒரு பிரியாணிப் பெட்டியின் மூடி இருக்கிறது. பெட்டி இல்லை, மூடி மட்டும். பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்திருக்கிறேன். பழுப்பு நிற அட்டையின் நடுவில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு மனிதர் சிரிக்கிறார். முன்பல் ஒன்று மற்றதன்மேல் லேசாக ஏறியிருக்கிறது. இடது கன்னத்தில் எண்ணெய் ஊறி, அந்த இடம் மட்டும் கண்ணாடித்தாள் போலாகிவிட்டது. முகத்துக்குக் கீழே இரண்டு வரிகள்: "வாரம் மூன்று நாள் இவர் இயந்திரத்தின் துணையோடு வாழ்கிறார். இந்தப் பெட்டியை வாங்கிய நீங்களும் இவருக்கு உதவுகிறீர்கள்." கடையின் பெயர் ஓரத்தில், தேடினால்தான் கண்ணில் படும் அளவுக்குச் சின்னதாக இருக்கிறது. அது அவ்வளவு சின்னதாக அச்சானதற்கு ஒரு காரணம் உண்டு. நடந்தது அத்தனையும் அங்கிருந்துதான் தொடங்கியது.

எங்கள் தீவின் மேற்குக் கோடியில், பூன் லேயில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இயங்கும் டயாலிசிஸ் நிலையத்தில் நான் அலுவலகப் பொறுப்பாளராக இருக்கிறேன். அறநிறுவனம் நடத்தும் நிலையம். வசதி குறைந்தவர்கள் வாரம் மூன்று நாள் வந்து சாய்வு நாற்காலியில் படுத்து, இரத்தத்தை இயந்திரத்தில் சுத்தம் செய்துகொண்டு போவார்கள். அந்த மூடியில் சிரிப்பவரும் அப்படி வந்தவர்தான். நான் அவரை அண்ணன் என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். சிறுநீரகம் கெடும்வரை பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர். நாற்காலியில் படுத்தபடியே, ஜன்னலுக்கு வெளியே போகும் பஸ்ஸின் ஓட்டுநர் பிரேக் போடும் விதத்தை, இந்த ஊர்ப் பேச்சின் 'லா' சேர்த்துக் குறை சொல்வார். "இவன்லாம் லைசென்ஸ் எங்க எடுத்தான் லா? நிக்கறவங்க அத்தனை பேரும் ஒருத்தர் மேல ஒருத்தர் விழுவாங்க." இயந்திரம் ஓடும்போது உடம்பு சில்லிடும் என்று எல்லோரும் போர்வைக்குள் சுருண்டிருக்க, அவர் மட்டும் கழுத்தை நீட்டித் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

வெள்ளிக்கிழமைகளில், இந்தியர் கடைகள் நிறைந்த தேக்காவிலிருந்து பிரியாணி வரும். கடை முதலாளி நாகூர்ப் பக்கத்துக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அப்பா காலத்துக் கடை. தொழுகை முடிந்ததும் வேனில் அனுப்பிவிடுவார். ஊழியர்களுக்கும் உடன் வருபவர்களுக்கும் வழக்கமான பிரியாணி. நோயாளிகளுக்கென்று உப்பு குறைத்து, தால்ச்சாவும் ஊறுகாயும் இல்லாமல் தனியாக ஒரு சட்டி. பல வருடங்கள் அப்படி வந்தது. எங்கள் ஆண்டு மலரில் நன்றி போட வேண்டும் என்று நான் எப்போது கேட்டாலும், "வேணாம்மா, எழுதிட்டா குடுத்த மாதிரி இருக்காது" என்று சொல்லிவிடுவார்.

அவருடைய மகன் படிப்பை முடித்துக் கடைக்கு வந்த பிறகுதான் பேச்சு மாறியது. இருவரும் எங்கள் நிலையத்துக்கு வந்து மேலாளரோடு உட்கார்ந்தார்கள். குறிப்பெடுக்க நானும் இருந்தேன். விற்கும் ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பங்கை எங்களுக்கு ஒதுக்குவது, அது சேர்ந்ததும் புது இயந்திரம் ஒன்று வாங்குவது, அந்தச் செய்தியைப் பெட்டியிலேயே அச்சிடுவது என்பது மகனின் திட்டம். "வாப்பா, சும்மா குடுத்தா அது நம்ம வீட்டோட முடிஞ்சிரும். தெரியற மாதிரி குடுத்தா, வாங்கிச் சாப்பிடறவங்களும் சேந்து குடுப்பாங்க." அவன் சொன்னதில் தவறே இல்லை. எங்கள் காத்திருப்போர் பட்டியலைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது நன்றாகவே தெரியும். முதலாளி வெகுநேரம் தேநீர்க் கோப்பையைத் திருப்பிக்கொண்டிருந்தார். பிறகு, "செய். ஆனா கடை பேரைப் பெருசாப் போடாதே. என் படம், உங்க பாட்டனார் படம், ஒண்ணும் வரக்கூடாது. தர்மம் பண்ணிட்டுத் தம்பட்டம் அடிச்சான்னு நாளைக்கு எவனும் பேசக்கூடாது" என்றார். "அப்ப மூடியில யாரைப் போடறது வாப்பா? ஒரு மொகம் வேணும்ல?" என்று மகன் கேட்டான். மேலாளர் அண்ணனின் பெயரைச் சொன்னார்.

அண்ணன் ஒரு கணமும் யோசிக்கவில்லை. எல்லாப் பெட்டிகளிலும் வரும், தேக்காவில் எல்லோர் கையிலும் இருக்கும் என்று நான் தெளிவாகச் சொன்னேன். "வாங்கி வாங்கிக் கை கூசிப்போச்சு தங்கச்சி. என்கிட்டே குடுக்கறதுக்கு வேற என்ன இருக்கு? மொகத்தையாச்சும் குடுக்கறேன்" என்றார். வீட்டில் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டதற்குக் கண்ணைச் சிமிட்டினார். "சொல்ல மாட்டேன் லா. பெட்டி வந்ததும் ஒண்ணைக் கொண்டுபோய் மேசை மேல வெப்பேன். அவளே அசந்துருவா." படம் எடுக்க வந்த நாளில் சலவை செய்த நீலச் சட்டை போட்டு வந்தார். ஊசி ஏறி ஏறிப் புடைத்திருந்த கையைக் காட்டச் சொன்னான் படம் எடுத்தவன். அண்ணன் மறுத்து, சட்டைக் கையை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்புதான் மூடியில் இருக்கிறது.

அச்சு வேலை தாமதமானது. இடைப்பட்ட மாதங்களில் அண்ணனின் மகளுக்குச் சம்பந்தம் பேச ஆரம்பித்தார்கள். மூத்தவள், சுவா சூ காங்கில் பாலர் பள்ளி ஆசிரியை. மாப்பிள்ளை வீடு தீவின் மறுகோடியில், பொங்கோலில். அவளுக்கும் அந்தப் பையனைப் பிடித்திருந்தது. வேலை முடிந்ததும் போனில் பேசிக்கொள்கிறார்கள் என்று அண்ணன் வெட்கத்தோடு சொன்னார். அண்ணி மாப்பிள்ளை வீட்டாரிடம், வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் சர்க்கரை, அதனால் வேலையை விட்டுவிட்டார் என்று மட்டும் சொல்லியிருந்தார். அப்பனுக்குக் கிட்னி போயிருந்தால் பெண்ணுக்கும் வரும் என்று நினைப்பார்கள் என்ற பயம் அவருக்கு. நம் குடும்பங்களில் இது புதிதல்ல. நிச்சயம் முடியும்வரை நோயை மூடி வைப்பதும், முடிந்த பிறகு மெதுவாகச் சொல்வதும் ஏறக்குறைய ஒரு சடங்கு. அண்ணனுக்கு அது உறுத்தியிருக்கிறது. ஆனால் மனைவி சொல்லிவிட்ட பிறகு மறுத்துப் பேசவோ, மூடியில் வரப்போகும் படத்தைப் பற்றி வீட்டில் சொல்லவோ துணியவில்லை. பெட்டி தேக்காவில்தானே விற்கப்போகிறது, அவர்கள் பொங்கோலில்தானே இருக்கிறார்கள் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டார். இந்த ஊரின் அளவு பஸ் ஓட்டியவருக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் அப்படி நினைத்தார்.

புதுப் பெட்டிகள் கடைக்கு வந்த வாரத்தின் ஞாயிற்றுக்கிழமை, மாப்பிள்ளை வீடு பார்க்க அண்ணன் குடும்பத்தார் போனார்கள். வந்தவர்களை நன்றாகக் கவனிக்க வேண்டும் என்று, தேக்காவிலேயே பேர்போன கடையிலிருந்து பிரியாணி சொல்லியிருந்தார்கள் அந்த வீட்டார். அடுத்த முறை நிலையத்துக்கு வந்தபோது, இயந்திரம் ஓடிக்கொண்டிருக்க, கூரையைப் பார்த்தபடி அண்ணன் என்னிடம் அதைச் சொன்னார். கூடத்தில் உட்கார்ந்திருந்த எல்லோர் மடியிலும் அவர் சிரித்துக்கொண்டிருந்தாராம். முதலில் கவனித்தது மாப்பிள்ளையின் மாமா. "என்ன சம்பந்தி, உங்களைக் கையில வெச்சுக்கிட்டே உங்ககூடப் பேசிக்கிட்டிருக்கேன்!" என்று அவர் மூடியைத் தூக்கிக் காட்டியதும் கூடமே சிரித்தது. பிறகு மாப்பிள்ளையின் அம்மா முகத்துக்குக் கீழே இருந்த இரண்டு வரிகளைப் படித்தார். மூடியைத் திருப்பி வைத்துவிட்டு, "சாப்பிடுங்க, ஆறிடும்" என்றார். அவ்வளவுதான்.

"திட்டியிருந்தாக்கூடத் தேவலை தங்கச்சி. மரியாதையாத்தான் இருந்தாங்க. என் பெட்டியில இன்னொரு கறித்துண்டு வைக்க வந்தவங்க, பாதியில நிறுத்திட்டு, 'நீங்க இதெல்லாம் சாப்பிடலாமா?'ன்னு கேட்டாங்க. சாப்பிடக்கூடாதுன்னேன். பெட்டியை எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க."

தன் முகம் இருந்த பெட்டியில் இருந்ததை அவரால் சாப்பிட முடியாது என்பது அதுவரை எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

அந்த வாரமே பொங்கோலிலிருந்து செய்தி வந்தது. வேறொரு ஜோதிடரிடம் காட்டினார்களாம், பொருத்தம் சரியில்லையாம். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்க முடியாது; அதற்காகத்தானே ஜாதகம் இருக்கிறது. பையனிடமிருந்து அதன் பிறகு போன் வரவில்லை. "ஊரே தின்னுட்டுத் தூக்கிப் போடற மூடியில போயா சிரிச்சீங்க?" என்று அண்ணி கேட்டாராம். அதுவரை சாப்பாட்டுத் தூக்கோடு அவரை அழைத்து வந்துகொண்டிருந்த அண்ணி அதன்பின் நிலையத்துக்கு வரவேயில்லை. மகள்தான் விடுப்பு கிடைத்த நாட்களில் வந்தாள். அப்பாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு நாள் போர்வையைச் சரிசெய்துகொண்டே, "படத்துல நல்லாத்தான் சிரிச்சிருக்கீங்கப்பா" என்றாள். அன்று முழுவதும் அவர் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

செய்தி கேட்ட முதலாளி தேக்காவிலிருந்து நேராக வந்தார். அண்ணனின் நாற்காலி அருகே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, ஊசி ஏறாத கையைப் பிடித்துக்கொண்டார். பெட்டிகளை நிறுத்தச் சொல்லிவிட்டதாகச் சொன்னார். "நான் என் பேரைப் பத்தி மட்டும்தான் யோசிச்சேன்" என்றார். அண்ணன்தான் தேற்றினார். "நிறுத்தாதீங்க முதலாளி. போனது போயிருச்சு. மெஷினாச்சும் வரட்டும்."

பெட்டிகள் தொடர்ந்து விற்றன, நன்றாகவே விற்றன. தேக்காவுக்குப் போகும்போதெல்லாம் உணவு மேசைகளிலும் குப்பைத் தொட்டிகளின் விளிம்பிலும் அவரைப் பார்த்தேன். ஒரு ஞாயிறு மாலை, தொட்டிக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்த ஒன்றைக் குனிந்து எடுத்தேன். அதுதான் இப்போது என் இழுப்பறையில் இருப்பது. இயந்திரமும் வந்தது. அதன் பக்கவாட்டில், முதலாளி விரும்பியபடி, "ஒரு நலம்விரும்பியின் அன்பளிப்பு" என்று மட்டும் ஒட்டினோம். கொடுத்தவர் பெயர் இல்லை. வாங்கியவரின் முகம் மட்டும் ஊர் முழுக்கப் போய்விட்டிருந்தது. அண்ணன் அந்த ஒட்டுத்தாளைப் படித்துவிட்டு, "நலம்விரும்பி யாருன்னு எனக்குத் தெரியும் லா" என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார்.

மறு வருட மழைக்காலத்தில் இருதயம் நின்று அவர் போனார். சடங்குகள் முடிந்த பிறகு அண்ணி என் அலுவலகத்துக்கு வந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்தப் பெட்டிக்கு எடுத்த படம் கிடைக்குமா என்று கேட்டார். "வீட்டுல இருக்கற படம் ஒண்ணுலயும் இப்படிச் சிரிக்கல." முதலாளியின் மகனிடம் கேட்டு வாங்கிக் கொடுத்தேன். எழுத்து எதுவும் இல்லாத அந்தப் படத்துக்குத்தான் அவர்கள் வீட்டில் மாலை போட்டிருக்கிறது.

முதலாளியும் இப்போது இல்லை. மகன் கடையைப் பெரிதாக்கிவிட்டான். இன்றைய பெட்டிகளில் கடையின் பெயர் மூடி முழுக்கப் பொன்னெழுத்தில் இருக்கிறது. பக்கவாட்டில் அவனே கைகட்டி நின்று சிரிக்கிறான். எங்களுக்குக் கொடுப்பதையும் அங்கேயே சொல்லிக்கொள்கிறான். தற்பெருமை என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் பெருமையால் யார் வீட்டுச் சம்பந்தமும் முறியாது. முதலாளியைப் போல் அடக்கமான மனிதரை நான் அதிகம் பார்த்ததில்லை. அந்த அடக்கத்தின் விலையை வேறொரு வீடு கொடுத்தது. அப்படிப் பெயர் சொல்லாமல் கொடுப்பவர்களைப் பார்த்தால், முன்பு வந்த மரியாதையோடு இப்போது ஒரு பயமும் வருகிறது.

போன வாரம் அண்ணனின் மகள் வந்திருந்தாள். அப்பாவின் நினைவு நாளையொட்டி ஒவ்வொரு வருடமும் நோயாளிகளுக்குப் போர்வைகள் கொண்டுவருவாள். எங்கள் இணையப் பக்கத்துக்குப் படம் எடுக்க வந்த இளம் ஊழியரிடம், "போர்வையை எடுங்க, போதும்" என்றாள். பிறகு என் எதிரில் உட்கார்ந்தாள். கல்யாணப் பேச்சு ஏதாவது வருகிறதா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"வருதுக்கா. இப்பல்லாம் ஜாதகத்துக்கு முன்னாடி, போன தடவை இங்க புடிச்ச அந்த மூடிப் போட்டோவைத்தான் அனுப்பறேன். எழுத்தோட."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல. பதில் வராது. ஒருத்தர் மட்டும், அந்தக் கடைப் பிரியாணி நல்லாருக்குமான்னு கேட்டார்."

அவள் சிரித்தாள். முன்பல் ஒன்று மற்றதன்மேல் லேசாக ஏறியிருந்தது.

மூடியை மறுபடி பார்க்க வேண்டும் என்றாள். உறையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கட்டைவிரலால் இடது கன்னத்தைத் துடைத்தாள். அட்டையைப் பிய்த்துவிடாமல், மெதுவாக, மறுபடி மறுபடி. எண்ணெய் ஊறிய இடம் அப்படியே இருந்தது. எடுத்துக்கொண்டு போகிறாயா என்று கேட்டேன்.

"வேணாம்க்கா. வீட்டுல அம்மா பாப்பாங்க. உங்ககிட்டயே இருக்கட்டும்."

அவள் போன பிறகு மூடியை உறைக்குள் போட்டு, ரப்பர் முத்திரைகளுக்கு அடியில் வைத்து, இழுப்பறையை மூடினேன்.