புரதம் இழுக்கிற வண்டி

தச்சர் ஒரு நாற்காலியைக் காட்டலாம், தையல்காரர் ஒரு சட்டையைக் காட்டலாம். எங்கள் தொழிலில் காட்டுவதற்கு ஒன்றுமே கிடையாது. நம் உடம்பின் செல்லுக்குள் சரக்குச் சுமந்து ஓடுகிற மோட்டார் புரதங்கள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்தெடுத்து, கண்ணாடித் துண்டின் மேல் ஒட்டிய இழைத் தண்டவாளத்தில் ஓடவிட்டு, கண்ணுக்குத் தெரியாத வண்டிகளை இழுக்க வைப்பதுதான் பெங்களூரில் எனக்கு வேலை. வீடு கோலார்ப் பக்கம், பழைய தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸ். போக வர ரயில். என்ன வேலை செய்கிறோம் என்று வீட்டில் விளக்க முடியாமல் விழிக்கிறவர்கள் உங்களிலும் இருப்பார்கள். அவர்களுக்குத்தான் இது புரியும்.

ரயிலில்

எனக்குப் பக்கத்தில் உட்காருகிற சரோஜா அக்கா கார்மென்ட்ஸில் வேலை செய்கிறார். ஒருநாள், "நீ இன்னாதான் செய்யற?" என்று கேட்டுவிட்டார். இழை, புரதம், வண்டியாக அது இழுக்கும் பொடி மணி என்று எல்லாம் சொன்னேன். ஒரு தலைமுடியின் அகலத்தில் எங்கள் வண்டிகள் வரிசையாக நிற்கும் என்றேன். பங்காருப்பேட்டையில் கூட்டம் ஏறியதும் அவர் எனக்காக நகர்ந்து உட்கார்ந்து, பரிதாபமாகச் சொன்னார்:

"இவ்ளோ படிச்சிட்டு, எறும்புகூட ஏற முடியாத வண்டியா கட்டினு கீற?"

கறிக்கடையில்

அந்த வண்டிகளுக்கு வேண்டிய இழை ஆட்டு மூளையிலிருந்து வருகிறது. மூளை அப்போதுதான் வெட்டியதாக இருக்க வேண்டும். அதனால் சில நாட்கள் ஸ்டேஷனிலிருந்து ஐஸ் பெட்டியோடு நேரே லேபுக்குப் பக்கத்துக் கறிக்கடைக்குப் போவேன். கடையில் இருக்கிற மூளையெல்லாம் எனக்குத்தான். கடைக்காரர் ரொம்ப நாள் ஒன்றும் கேட்கவில்லை.

ஒருமுறை கரன்ட் போய் ஃப்ரீசர் நின்று, பாடுபட்டு எடுத்த இழை முழுக்க வீணாகிவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க, அழுத முகத்தோடு அவர் கடையில் போய் நின்றேன். அன்றைக்குப் பார்த்துக் கேட்டார்:

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். இவ்ளோ மூளை வாங்கிட்டுப் போறீங்களே, அந்த ஆபீஸ்ல ஒருத்தருக்குக்கூட சொந்தமா இல்லியா?"

மைக்ராஸ்கோப் அறையில்

நேராகப் போகிற வண்டியை ஒரு வளைவில் திருப்ப வேண்டும். அதிலேயே வருஷங்கள் போயின. ஒரு மத்தியானம் எங்கள் பொடி மணி வளைவை நோக்கிப் போனது. என்னோடு வேலை செய்யும் மகேஷ் ஓடிப்போய் எங்கள் லேப் தலைவரை அழைத்து வந்தார். அவர் நாற்காலியைச் சரிசெய்து, கண்ணாடியைக் கழற்றி, குனிந்து பார்ப்பதற்குள் இழை துண்டு துண்டாக உடைந்துவிட்டது. எதையும் பார்க்க வெளிச்சம் வேண்டும். அந்த வெளிச்சமேதான் இழையை உடைக்கும். தலைவர் எழுந்து போனார். மண்டியாவிலிருந்து வந்த கன்னடக்காரரான மகேஷ் விளக்கை அணைத்துவிட்டுத் தன் தமிழில் சொன்னார்:

"நாம பாக்காமலே விட்டிருந்தா, அது போய்ச் சேர்ந்திருக்கும் மேடம்."

கோலாரில்

அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அதை மூடும்வரை கேஜில், அதாவது ஆளை இறக்கி ஏற்றும் இரும்புக் கூண்டில் இறங்கி, அந்தக் கேஜிலேயே மேலே வந்தவர். கல்தூசி மட்டும் அவரோடு வீட்டுக்கு வந்து நெஞ்சில் தங்கிவிட்டது. கோலார் ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்தார். என் வேலையைக் கேட்டதும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. மூச்சுக்குழாயில் பொடிப்பொடி மயிர்கள் உண்டு, அவை தூசியைப் பெருக்கி மேலே தள்ளும், அவற்றை அசைப்பதும் உங்கள் பெண் வேலை செய்கிற மோட்டாரின் உறவுக்காரன்தான் என்று அப்பாவுக்கு விளக்கினார். அடியில் போய்த் தங்கிய தூசிக்குத்தான் வழியில்லை, அங்கே அந்த மயிர்கள் இல்லை என்று மெதுவாக முடித்தார்.

அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு, நின்று நின்று படியிறங்கினார். வாசலில் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"அப்போ ஆழத்துல கீற தூசிக்கு மட்டும் கேஜ் இல்ல. அப்படித்தானேம்மா?"

வீட்டில்

அந்த மழைக்காலத்தில் அப்பா போய்விட்டார். காரியம் முடிந்த மறுநாள் அவரோடு ஷிஃப்ட் பார்த்த முனிசாமி மாமா வந்தார். அவருக்கும் அதே இருமல். டீ கொடுத்தேன். "அந்த மிஷின் எந்த மட்டுல கீது?" என்று கேட்டார். எந்த மிஷின் என்று எனக்குப் புரியவில்லை, மாமாவே சொன்னார். நெஞ்சுத் தூசியைப் பெருக்கி எடுக்க நான் ஒரு மிஷின் செய்துகொண்டிருப்பதாக அப்பா பென்ஷன்காரர்கள் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். நான் அப்பாவிடம் அப்படிச் சொன்னதே இல்லை.

பொய் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. மாமாவின் முகத்தைப் பார்த்து முடியவில்லை. "மாமா, அது கண்ணாடித் துண்டுமேல கொஞ்ச நேரம் ஓடும், நின்னுடும். உடம்புக்குள்ள போகாது. நம்ம காலத்துல வராது மாமா," என்றேன். சொல்லி முடிக்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் டீயைக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்தார்.

"அது எங்களுக்கும் தெரியும்மா. உன் மிஷினப் பத்தி பேசறப்ப மட்டும் உங்கப்பனுக்கு மூச்சு வாங்காது. அத்தொட்டு கேட்டுனு இருந்தோம்."

ஆக, கண்ணுக்குத் தெரியாத வண்டி கட்டுகிற வேலையில் சம்பளம் உண்டு, ஞாயிற்றுக்கிழமை லீவும் உண்டு, 'எதுக்கு ஆவும்?' என்று கேட்கிறவர்களுக்குச் சொல்லப் பதில்தான் இன்னும் வந்து சேரவில்லை.