காய்ந்துபோன ரோலர்

டிப்போவில் அவளுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். ஓட்டியது என்னவோ நிறுத்தத்துக்கு நிறுத்தம் நின்று போகும் நகரப் பேருந்துதான். ஆனால் நடை, பேச்சு, சாப்பாடு எல்லாமே விரைவு. கண்டக்டராகச் சேர்ந்து, மற்றவர்கள் டீ குடிக்கும் நேரத்தில் காலி வண்டியை டிப்போவுக்குள் சுற்றிச் சுற்றி ஓட்டிப் பழகி, ஓட்டுநர் ஆனவள். அந்த ஒரு சீட்டைத் தவிர வேறெங்கும் அவளுக்கு உட்காரத் தெரியாது என்பார் கணவர். அவர் முடி திருத்துபவர். ஒரு காதோரத்தை அவர் சரிசெய்து முடிப்பதற்குள் இவள் ஒரு ட்ரிப் அடித்துவிடுவாள்.

ஒரு நாள் காலை, சிக்னலில் நின்றிருந்த அவளுடைய பஸ் மெல்ல நகர்ந்துபோய் விளக்குக் கம்பத்தில் முட்டியது. யாருக்கும் அடியில்லை. முன்கண்ணாடியில் விரிசல் விட்டதோடு சரி. ஆனால் வண்டி நகர்ந்ததே அவளுக்குத் தெரியவில்லை. சிவப்பு விளக்கைப் பார்த்தது ஞாபகம் இருந்தது. அதற்கடுத்து, கண்டக்டர் அவள் தோளைப் பிடித்து உலுக்கியதுதான்.

களைப்பாகவும் இருக்கலாம், ஒருவகை வலிப்பாகவும் இருக்கலாம் என்றார் டாக்டரம்மா. இந்த வகையில் கைகால் இழுக்காது, கீழே விழமாட்டார்கள், கண் திறந்தபடியே ஆள் மட்டும் சிறிது நேரம் இல்லாமல் போய்விடுவார்களாம். மறுபடி வருகிறதா என்று பார்ப்போம், அதுவரை ஸ்டியரிங் பக்கம் போகவேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டில் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. துவைத்த துணியை மறுபடி துவைத்தாள். தெருவில் பஸ் போகும் சத்தம் கேட்டால் ஜன்னலுக்கு ஓடி, யார் ஓட்டுகிறார்கள் என்று பார்த்தாள். கியரை லேட்டாக மாற்றுகிறான் என்று திட்டினாள். கணவர் கடைக்குக் கிளம்புவதற்குள் அவரிடம் பத்துக் கேள்வி கேட்டு, பதில் வருமுன் பதினோராவதற்குப் போய்விடுவாள்.

அந்தச் சமயத்தில்தான் கொழுந்தன் சமையலறை அலமாரிகளுக்குப் புதுக் கதவு செய்து கொண்டுவந்தான். அவன் தச்சன். மரத்தூளை அழுத்திச் செய்த ஃபைபர் போர்டு பலகைகள், அட்டை நிறத்தில், வழவழவென்று இருந்தன. பெயின்டரை அனுப்புவதாகச் சொன்னான். நானே அடித்துக்கொள்கிறேன் என்று அவள் முந்திக்கொண்டாள். அண்ணியின் அவசரம் அவனுக்குத் தெரியாததல்ல. வெட்டிய ஓரங்களை முதலில் பிரைமர் என்கிற அடிப்பூச்சு வைத்து அடைக்கவேண்டும், ஒவ்வொரு பூச்சும் நன்றாகக் காயவேண்டும், இரண்டு பக்கமும் அடிக்கவேண்டும் என்று விரல் மடக்கிச் சொல்லிவிட்டுப் போனான். அவள் ‘உம்’ கொட்டினாள்.

நாற்றம் இருக்காது என்று தண்ணீர் கலந்த பெயின்டாக வாங்கினாள். வெளிர்பச்சை. பிரைமர் டப்பாவைத் திறக்கவேயில்லை. நடுப்பகுதி அழகாகத்தான் வந்தது. ஓரங்களோ பெயின்டைக் குடித்துக்கொண்டே இருந்தன. எத்தனை தடவை தடவினாலும் உள்ளே இழுத்துக்கொண்டு, டீயில் நனைத்த பிஸ்கட் மாதிரி உப்பிச் சொரசொரத்தன. ஈரம் காயுமுன் ரோலரை உருட்டி அடுத்த பூச்சை ஓட்டினாள். ரோலர் முதல் பூச்சைத் தோலாக உரித்துக்கொண்டு வந்தது. ஒரு பக்கம் மட்டும் அடித்துச் சாய்த்துவைத்த கதவு ஒன்று, மறுநாள் பார்த்தால் வில்லாக வளைந்திருந்தது.

கொழுந்தன் வந்து, வளைந்த கதவைத் தூக்கி ஒரு கண்ணை மூடிப் பார்த்தான்.

“அண்ணி, இது பலகை. சிக்னல் இல்ல, தாண்டிப் போறதுக்கு.”

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. வளைந்ததை அவன் எடுத்துப்போனான். மற்றவற்றை அவள் உப்புத்தாளால் தேய்த்து முதலிலிருந்து ஆரம்பித்தாள். வீடு முழுக்கப் பழுப்புத் தூள். ஓரங்களை அடைத்தாள், காயவிட்டாள், தேய்த்தாள், பூசினாள். காயும்வரை வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். கதவுகள் கண்ணாடி மாதிரி வர ஆரம்பித்தன.

கடைசிப் பூச்சு பூசிய அன்று மதியம், பெரிய கதவைச் சாப்பாட்டு மேஜையில் கிடத்தி, ரோலரைத் தட்டில் உருட்டி, பலகையின் நடுவில் வைத்தாள். மேலே இழுக்கவேண்டும் என்று நினைத்தாள். இழுத்தாள்; ரோலர் வரவில்லை. பலகையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பலமாகப் பிடுங்கியதும் பெயின்ட் பிய்ந்து, அடியிலிருந்த பழுப்பு தெரிந்தது. தட்டைப் பார்த்தாள். பெயின்டின்மேல் ஏடு படிந்திருந்தது. மணிக்கட்டில் வழிந்த துளி காய்ந்து, தொட்டதும் செதிலாக உதிர்ந்தது. இப்போதுதானே வைத்தேன் என்று வாய்விட்டுச் சொன்னாள். வைத்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள், நடுவில் இருந்த நேரத்தைத்தான் காணோம்.

தூங்கியிருப்பேன் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். நின்றுகொண்டா? மளமளவென்று அந்த இடத்தைத் தேய்த்து, மறுபடி பூசி, ரோலரைக் குப்பையில் போட்டாள். மாலையில் கணவர் வந்து கதவைத் தடவிப் பார்த்து மெச்சினார். சாப்பிடும்போது, என்ன இன்றைக்கு வாயே திறக்கவில்லை என்றார். கை வலி என்றாள்.

அடுத்த வாரம் டாக்டரம்மா, மறுபடி ஏதாவது வந்ததா என்று கேட்டார். “இல்ல டாக்டர்,” என்றாள் அவள். பக்கத்திலிருந்த கணவர் மூச்சு விட்டது அவளுக்குக் கேட்டது. கொஞ்ச நாளில் நல்ல செய்தி சொல்லலாம் என்றார் டாக்டரம்மா.

திரும்பும்போது இருவரும் பஸ் ஏறினார்கள். இத்தனை வருஷத்தில் அவள் பின்னால் உட்கார்ந்து வந்தது குறைவு. சுற்றும் முற்றும் பார்த்தாள். முன் சீட்டில் ஒருத்தி வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். கம்பியைப் பிடித்து நின்ற ஒருவர் கண்ணை மூடி ஆடிக்கொண்டிருந்தார். கடைசி சீட்டில் மூன்று பேர் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து உறங்கினார்கள். ஓட்டுகிறவரை யாருமே பார்க்கவில்லை. அவளால் உட்கார முடியவில்லை. எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்து மணியை அழுத்தினாள்.

கணவர் ஒன்றும் புரியாமல் பின்னாலேயே இறங்கினார். நடைபாதையில் அவள் வந்த வழியே வேகமாக நடந்தாள்.

“நில்லும்மா. எங்க போற?”

“டாக்டர் கிட்ட. பொய் சொல்லிட்டேங்க. அன்னிக்கு பெயின்ட் அடிக்கும்போது மறுபடி வந்துச்சு. ரோலர் கையில இருந்துச்சு, அதனால பலகையோட போச்சு. ஸ்டியரிங் இருந்திருந்தா?”

அவர் அவளோடு ஈடுகொடுத்து நடந்தார், பிறகு முந்தினார். வாழ்க்கையில் முதல்முறையாக அவர்தான் முன்னால் போனார் என்று பிற்பாடு அவளே சொல்லிச் சிரித்திருக்கிறாள். அன்று சிரிக்கவில்லை. டாக்டரம்மாவின் அறையில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டு, அழுதாள். டாக்டரம்மா கோபிக்கவில்லை. மருந்து எழுதினார். பஸ் ஓட்டுவது இனிமேல் முடியாது என்பதையும் சுற்றிவளைக்காமல் சொன்னார்.

பல வாரம் அவள் தெருவில் பஸ் சத்தம் கேட்டாலும் ஜன்னல் பக்கம் போகவில்லை. டிப்போவிலிருந்து கூப்பிட்டு, எந்த வண்டி எந்த வழியில் போகவேண்டும் என்று பிரித்து அனுப்பும் வேலையைத் தந்தபோது, நாற்காலி வேலையா என்று முறைத்தாள். வேறு வழியில்லாமல் போனாள்.

இப்போது அந்த நாற்காலியில் அவளுடைய பைதான் உட்கார்ந்திருக்கிறது. அவள் வண்டிகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருக்கிறாள், டயரைத் தட்டிப் பார்க்கிறாள், தாமதமாக வருகிறவர்களை விரட்டுகிறாள். ஓட்டுநர் ஏறுமுன் அவர் முகத்தை ஒரு கணம் உற்றுப் பார்த்து, ராத்திரி தூங்கினீங்களா என்று கேட்கிறாள். சிலருக்கு அது எரிச்சல். இல்லை என்று தயங்கிச் சொன்ன ஒருவரை நேற்று இறக்கிவிட்டு வேறு ஆளை ஏற்றினாள். வண்டி தாமதமாகத்தான் கிளம்பியது. மேலதிகாரி கத்தினார். அவளும் திருப்பிக் கத்தினாள்.