கழுதைப்புலிக் குட்டிக்கு என்ன நிறம்?

ரெசியாட்டோ கரி இஸ்திரிப் பெட்டியை வாயால் ஊதிச் சூடேற்றிக்கொண்டு, வெள்ளைக்காரம்மா ஒருத்தியின் மண்ணிறக் காற்சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பஞ்சத்தில் மாடுகள் மடிந்த வருடம் அவள், காட்டு விலங்குகளைப் பார்க்க வருகிறவர்கள் தங்கும் மாரா ஆற்றங்கரைக் கூடார விடுதிக்குச் சலவை வேலைக்கு வந்தவள். உள்ளாடைகளை விருந்தினர்கள் தாங்களே துவைத்துக்கொள்ள வேண்டும் என்று விடுதியில் ஒரு சட்டம் உண்டு. அதைக் கேட்ட பிறகுதான் சம்மதித்தாள்.

வந்தவர்கள் எங்கே போனார்கள் என்பதைத் துணியே அவளுக்குச் சொல்லிவிடும். இந்தக் காற்சட்டைக்கு மட்டும் தினமும் இரண்டு முழங்காலிலும் அழுக்கு.

"ஏன் பாக்கினே, இந்தம்மா ஜீப்புக்குள்ள மண்டி போட்டு ஜெபம் பண்ணுதா?" என்று ஓட்டுநர் டிபாப்பேயிடம் கேட்டாள். அவள் கல்யாணத்துக்கு அவன் ஒரு வெள்ளாடு கொடுத்தான். ஆடு கொடுத்தவரும் வாங்கியவரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்வதில்லை, இருவருமே 'பாக்கினே'தான்.

"கழுதைப்புலிக் குட்டி ஜீப்பு சக்கரத்துக்குக் கிட்டவே வந்துடுது. அதைப் பாக்கத்தான் சீட்டுலேர்ந்து எறங்கி மண்டி போட்டுக்குது." கைப்பேசியில் படத்தைக் காட்டினான். கரிக்கட்டை மாதிரி இரண்டு.

"இது நாய்க்குட்டி."

"கழுதைப்புலி, பாக்கினே."

"பொறந்ததுலேர்ந்து ராத்திரி ராத்திரி அதுங்க சத்தம் கேக்கறேன், எனக்குத் தெரியாதா? அதுக்கு ஒடம்பெல்லாம் புள்ளி."

"சத்தம்தானே கேட்டிருக்க?"

அது உண்மைதான். கழுதைப்புலி என்றால் அவளுக்கு இருட்டில் ஒரு ஊளை, காலையில் பிய்ந்து கிடக்கும் முள்வேலி, ஒரு ஆடு குறைவு. அதற்கும் பால்குடிப் பருவம் ஒன்று இருக்கும் என்று அவள் நினைத்துப் பார்த்ததேயில்லை.

மறுநாள் விருந்தினர்களை விமானத்தில் ஏற்றிவிடப் போன ஜீப்பில் பெட்டிகளைத் தூக்க அவளும் போனாள். திரும்பும்போது டிபாப்பே தடத்தை விட்டு விலகி, ஒரு பழைய கரையான் புற்றருகே வண்டியை நிறுத்தினான். தாய் வெயிலில் சரிந்து கிடந்தது; ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்து மூடிக்கொண்டது. வளைக்குள்ளிருந்து ஒரு கருப்புக் குட்டி வந்தது. புகையும் பாலும் மணக்கும் அவளுடைய சிவப்புப் போர்வையை நோக்கி மூக்கைத் தூக்கி மோந்தது. பிறகு சலித்துப்போய்ச் சக்கரத்தைக் கடிக்க ஆரம்பித்தது.

"இதுக்கு எப்பப் புள்ளி வரும்?"

"மொதல்ல மொகம் வெளுக்கும். அப்புறம்தான் புள்ளி."

"கண்ணு தெறக்க எத்தனை நாளு?"

"பொறக்கும்போதே தெறந்திருக்கும். பல்லும் இருக்கும்."

"பல்லோடயா! பால் குடுக்கறவ பாவம்." வளையைச் சுற்றிப் பார்த்தாள். "அப்பன்காரன் எங்க?"

"நீ கேக்கற கேள்விக்கு அந்த வெள்ளைக்காரம்மாவே தேவலை" என்று டிபாப்பே வண்டியைக் கிளப்பினான்.

சாயங்காலம் குடிசைக்குள் புருஷன் பர்முவாட்டுக்குத் தேநீர் ஊற்றும்போது வாய் நிற்கவில்லை. "கழுதைப்புலி பல்லோடயே பொறக்குது, தெரியுமா? கன்னங்கரேல்னு இருக்கு!"

பர்முவாட் குவளையைக் கீழே வைத்தான். இந்த மாதம் பட்டியிலிருந்து இரண்டு ஆடுகள் போயிருந்தன. ஒன்று அவளுடைய கல்யாண ஆட்டின் வழி வந்தது. அதன் தாய் செத்தபோது அவள்தான் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தாள்.

"எங்க பாத்த?"

"ஜீப்புலேர்ந்து."

"ஜீப்பு எங்க நின்னுச்சு?"

அப்போதுதான் சொன்னது அவளுக்கே உறைத்தது. வளை தெரிந்தால் போதும், விஷம் வைத்த ஒரு துண்டு இறைச்சியில் வேலை முடிந்துவிடும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் அவன் தம்பி அப்படித்தான் முடித்தான்.

"ஒன்னோட ஆட்டுக்கார ஒறவு காட்டினானா? அவனுக்கென்ன, குட்டியைக் காட்டினாத்தான் சோறு. நமக்கு ஆடு இருந்தாத்தான் சோறு."

அவன் சொன்னதும் நியாயம்தான். அடுப்பில் சாணி வரட்டியைத் தள்ளிவிட்டாள். புகை கிளம்பியது.

"போனதுல ஒண்ணு ஒன் ஆடு, சிம்பாய் அம்மா" என்றான், பிள்ளையின் பெயரால் அவளைக் கூப்பிட்டு, குரலைத் தணித்து. "எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லு. மத்தத நான் பாத்துக்கறேன்."

"பால் கறக்க நேரமாச்சு" என்று அவள் பால் குடுவையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். தாழ்ந்த வாசலில் தலை குனிந்து வெளியே போனாள்.