ரெண்டு கை கேட்ட புரோகிராம்

நேற்று ஒரு பழைய கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினேன். சுண்ணாம்புக்கல் தூசி கொட்டியது. அந்த வாசனையோடு, அரியலூர் - செந்துறை ரோட்டில் நான் வைத்திருந்த எடைமேடையும் நினைவுக்கு வந்துவிட்டது. கல் லாரிகளை நிறுத்தி எடை போட்டுச் சீட்டுக் கொடுக்கும் இடம்.

நான் எட்டாவது பெயில். ஆனால் சீட்டு அடிக்கும் புரோகிராமை நானே எழுதினேன். பெரம்பலூரிலிருந்து வந்த பட்டதாரிகள் இரண்டு பேர் பார்த்துவிட்டு நோட்டில் எழுதிக்கொண்டு போனார்கள். இதை நான் சொல்லாத ஆளில்லை, உங்களுக்கும் சொல்லிவிட்டேன். அதில் எனக்குப் பெருமையான ஒன்று உண்டு. கை தவறிச் சீட்டு விழக் கூடாதென்று, கீபோர்டின் இரண்டு கோடியிலும் உள்ள கீகளைச் சேர்த்து அழுத்தினால்தான் அச்சாகும். கீ அழுந்தியிருக்கிறதா என்று புரோகிராம் ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கும். ஆமென்றால் ஒன்று, இல்லையென்றால் பூஜ்யம். அந்த எண் திரை மூலையில் தெரியும்.

சீட்டு அடித்தவள் ஏலாக்குறிச்சிப் பிலோமினா. நரம்பு வியாதியில் அவள் வலது கை விழுந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது. ஒருநாள் மோவாயால் ஒரு கீயை அழுத்திக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா, கீபோர்டுக்கு முத்தம் குடுக்குறியா?”

“உங்க புரோகிராம் ரெண்டு கை கேக்குதுண்ணே. எங்கிட்ட ஒண்ணுதான் இருக்கு. வேலைய வுட்டு நிறுத்திடாதீங்க.”

இரண்டு நாள் உட்கார்ந்து மாற்றினேன். முதல் கீயை அழுத்திக் கையை எடுத்துவிட்டாலும் அழுந்தியதாகவே புரோகிராம் நினைவில் வைத்துக்கொள்ளும். அடுத்த வருஷம் இடது கையும் தளர்ந்தது. ஒரே கீ போதும் என்று மாற்றினேன். இருப்பதிலேயே நீளமான ஸ்பேஸ் பார்.

ஒருநாள் டிரைவர் ஹாரன் அடித்தான். “என்னக்கா, பொட்டி தூங்கிடுச்சா?”

“அது முழிச்சுத்தான் இருக்கு தம்பி.”

அவள் மணிக்கட்டு ஸ்பேஸ் பார் மேலேயே இருந்தது. திரையில் பூஜ்யம்.

“அழுத்துறேண்ணே,” என்றாள்.

பூஜ்யம்.

“இதையும் மாத்திடுங்கண்ணே.”

“மாத்திடலாம்மா,” என்றேன். ஒரு கீக்கும் குறைவாகக் கேட்க எனக்கு எழுதத் தெரியவில்லை. அந்தச் சீட்டை நான் அடித்துக் கொடுத்தேன். சாயங்காலம் ஏலாக்குறிச்சி பஸ்ஸில் ஏறியவள் பிறகு வரவில்லை. நானும் போய்ப் பார்க்கவில்லை.

இப்போது அங்கே கேமராவே லாரி நம்பரைப் படிக்கிறது, சீட்டு தானாக வருகிறது. நாங்கள் உட்கார்ந்து சீட்டு அடித்த கொட்டகையும் இல்லை, பிலோமினாவும் இல்லை. கீபோர்டைத் துடைத்தேன். ஸ்பேஸ் பாரில் அவள் மணிக்கட்டுப் பட்ட இடம் மட்டும் வழவழப்பாக இருக்கிறது. வயரைச் செருகிப் பார்க்கலாமென்றால், இந்தக் கீபோர்டுக்கு வேண்டிய உருண்டை ஓட்டையே இப்போதைய கம்ப்யூட்டர்களில் கிடையாது.