கோயில் வாசலில் ஒற்றைக் கை

மெய்யான சந்தோஷம் பரலோகத்தில்தான் என்று எங்கள் சாமியார் ஞாயிறுதோறும் பிரசங்கம் செய்வார். எனக்கோ பத்தொன்பது வயதில் அது இரண்டு சக்கரத்தோடு, சாந்தோமில் எங்கள் வீட்டு வாசலிலேயே வந்து நின்றது! உலகச் சண்டை நடந்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அடையாறில் நான் பாடம் சொல்லிக்கொடுத்த பள்ளிக்கூடத்துக்குத் தினமும் நடைதான். ஊட்டிக்குக் குடிபோகக் கிளம்பிய ஒரு வெள்ளைக்காரம்மாவிடம், நடுவில் கம்பி இல்லாத சைக்கிள் ஒன்றை என் சம்பளத்தில் வாங்கிவிட்டேன். அப்பாவின் முகம் கடுகடுத்தது.

இரண்டே நாளில் ஓட்டக் கற்றுக்கொண்டேன். ஆனால் தெருவெல்லாம் நேராகப் போகிறவள், மாதா கோயில் வாசலில் மட்டும் தவறாமல் விழுவேன். கோயிலைத் தாண்டும்போது சிலுவை போட்டுக்கொள்வது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் உள்ள பழக்கம். வலது கை தானாக நெற்றிக்குப் போகும். சைக்கிள் தரைக்குப் போகும்.

"இன்னா பாப்பா, டெய்லி இங்கியே வந்து வுழுற? மாதா புட்ச்சி தள்றாங்களா?" என்று மீன்காரம்மா சிரிப்பாள். அவமானம் பிடுங்கித் தின்றது.

அப்பா கடைசியாகச் சொல்லிவிட்டார்: "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கோயில் வாசல்ல நிப்பேன். விழாம தாண்டிட்டா வச்சுக்கோ. விழுந்தா மறுநாளே வித்துடுவேன்."

சிலுவையே போடக்கூடாது என்று அன்று பல்லைக் கடித்துக்கொண்டு கிளம்பினேன். ஒரே ஒரு நாள், மாதா மன்னிக்க மாட்டாளா? கோபுரம் தெரிந்தது. கடற்காற்று முந்தானையை இழுத்தது. அப்பா வாசலில் நின்றார். பாழாய்ப்போன கை கேட்டதா? கிளம்பிவிட்டது! நெற்றி, மார்பு, இடது தோள், வலது தோள். அய்யோ ஆண்டவரே, சைக்கிள் நேராகப் போகிறது! ஒற்றைக் கையில் ஓட்டுகிறேன்! நான் போட்ட கூச்சலில் காக்கைகள் பறந்தன. அடுத்த சந்து வரை போய்த் திரும்பி வந்து, அப்பா முன்னால் குதித்து இறங்கினேன்.

"பாத்தீங்களாப்பா? பாத்தீங்களா?"

அப்பா திருதிருவென்று விழித்தார். "இல்லம்மா. நீ கிட்ட வந்ததும் கண்ண மூடிக்கிட்டேன்."

"ஏம்ப்பா?"

"நானும் சிலுவை போட்டு வேண்டிக்கிட்டு இருந்தேன். நீ விழக்கூடாதுன்னு."

விற்றுவிடுவேன் என்று மிரட்டிய மனிதர்! எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தரம் ஓட்டும்மா, இப்ப பாக்கறேன்" என்றார்.

ஏழு தரம் ஓட்டினேன். ஏழு தரமும் கையைத் தூக்கினேன். ஏழு தரமும் அப்பா கண்ணைத் திறந்தே வைத்திருந்தார்.