கழுத்துப் பட்டியில் ஒட்டிய காந்தம்

பனியன் கம்பெனியில் இருபது வருஷம் லைன் சூப்பர்வைசராக இருந்துவிட்டு, இப்போது திருப்பூரில் எங்கள் வீட்டு முன்னறையில் துணிகளுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுக்கொண்டிருக்கிறேன். கம்பெனிக்காரர்கள் முதல் சாம்பிளைக் கொண்டுவருவார்கள். பெற்றவர்கள் பிள்ளையின் முதல் சட்டையைக் கொண்டுவருவார்கள். குண்டூசிக்கும் பசைக்கும் என்னிடம் இடமில்லை. சட்டத்துக்குள் மெல்லிய இரும்புத் தகடு, அதன்மேல் வெள்ளைத் துணி, அதன்மேல் சட்டை. தோளுக்கு ஒன்றாகப் பொத்தான் அளவுக் காந்தத்தை வைத்தால் போதும், துணியில் ஓட்டை விழாமல் அப்படியே நிற்கும். "ஊசியக் கண்டாலே உனக்கு ஆகாதே" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். ஆகாமல் போனதற்குக் காரணம் அவருக்குத் தெரியாது.

போன மாதம் என் மகள் தன் மூன்று மாதக் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். மகள் குழந்தையாக இருந்தபோது போட்ட சட்டை ஒன்றை நான் பீரோவில் பத்திரமாக வைத்திருந்தேன். அதைத் தன் பாப்பாவுக்கு ஒரு தடவை போட்டுப் போட்டோ எடுத்து, போட்டோவையும் சட்டையையும் ஒரே சட்டத்தில் மாட்டவேண்டும் என்பது அவள் ஆசை. எங்கே பிடித்தால் துணி சுருங்காது என்று பார்ப்பதற்காக, சட்டையை மரமேசையில் விரித்து, கழுத்தோரம் ஒரு காந்தத்தை வைத்தேன். இடம் சரியில்லை என்று எடுத்தேன். காந்தத்தோடு சட்டையும் மேலே வந்தது.

அடியில் தகடு இல்லை. வெறும் மரம்தான். மறுபடி வைத்து எடுத்தேன். அதே இடத்தில் மறுபடியும் துணி கூடவே வந்தது. அங்கே ஒரு பழுப்புப் புள்ளி இருந்தது. கிரைப் வாட்டர் சிந்திய கறை என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். கழுத்துப் பட்டியின் தையலைப் பிரித்தேன். குருணை அளவில் துருப்பிடித்த ஓர் ஊசி முனை தாவி வந்து காந்தத்தில் ஒட்டிக்கொண்டது.

அது எந்த ஊசி என்று எனக்குத் தெரியும்.

கம்பெனியில் தைக்கும்போது ஊசி உடைந்தால், எல்லாத் துண்டுகளையும் தேடியெடுத்து ஊசி நோட்டில் செலோடேப் போட்டு ஒட்ட வேண்டும். அப்புறம்தான் புது ஊசி கிடைக்கும். ஒரு துண்டு குறைந்தாலும் அந்த மெஷினில் இருக்கும் துணிக்கட்டு மொத்தமும் கழிவுக்குப் போய்விடும். துணிக்குள் ஊசி இருப்பதைக் காட்டிக்கொடுக்கும் மெஷின் அப்போது எங்கள் கம்பெனிக்கு வந்திருக்கவில்லை, நோட்டுதான் எல்லாம். மகள் கைக்குழந்தையாக இருந்த சமயம், ஒரு நாள் சாயங்காலம் குழந்தைச் சட்டைச் சரக்கு கிளம்பியாக வேண்டியிருந்தது. டெய்லர் பெண் ஓடிவந்து, "அக்கா, மொனைய மட்டும் காணலீங்க" என்றாள். கம்பில் கட்டிய காந்தத்தால் தரை முழுக்கத் துழாவினோம். கிடைக்கவில்லை. என் டிராயரில் ஒரு தீப்பெட்டி இருந்தது. அதற்குள் பழைய ஊசி முனைகள். இந்த மாதிரி நாளுக்கென்றே சேர்த்து வைத்திருந்தேன். ஒன்றை எடுத்து நோட்டில் ஒட்டினேன். லைன் ஓடியது.

ஆனாலும் மனசு உறுத்தியது. மெஷினில் இருந்த அந்த ஒரு சட்டையை மட்டும் துணிக்கட்டிலிருந்து உருவி, விரலால் தடவிப் பார்த்தேன். ஒன்றும் குத்தவில்லை. முனை தரையில்தான் எங்கோ தெறித்திருக்கும் என்று நானே முடிவு கட்டினேன். நல்ல சட்டையைக் குப்பையில் போட எந்தத் திருப்பூர்க்காரிக்கு மனசு வரும்? கேட்டு வாங்கிக்கொண்டு வந்து என் பெண்ணுக்கே போட்டேன்.

அந்த மாதங்களில் அவள் அழுத அழுகை! உரம் விழுந்துவிட்டது என்று உரம் எடுப்பவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். திருஷ்டி கழித்தேன். கழுத்தில் தடிப்பு வந்தபோது பவுடரைப் பூசிவிட்டு மறுபடியும் அதே சட்டையை மாட்டினேன். பெற்றவள் நானே மாட்டினேன்.

"குடுங்மா, பாப்பாவுக்குப் போட்டுப் பாக்கலாம்" என்று மகள் குழந்தையோடு வந்து நின்றாள். கறை போகவில்லை, வேறு சட்டை போடலாம் என்று ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் குழந்தை சட்டையை எட்டிப் பிடித்தது. "உடு கண்ணு!" என்று அலறிவிட்டேன். அப்புறம் மறைக்க முடியவில்லை. முனையைக் காட்டினேன். நோட்டு, தீப்பெட்டி, எல்லாவற்றையும் சொன்னேன்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. குழந்தை போட்டிருந்த சட்டையைக் கழற்றினாள். பையிலிருந்த மற்றச் சட்டைகளையும் மேசையில் கொட்டி, ஒவ்வொன்றிலும் காந்தத்தை ஓட்டிப் பார்த்தாள். எதிலும் ஒட்டவில்லை. என் முகத்தைப் பார்க்காமலே கேட்டாள்.

"தீப்பெட்டில எத்தன மொன இருந்துச்சுங்மா?"

"ஏழெட்டு இருக்கும் சாமி."

"வேலைய உடறப்ப?"

வேலையை விட்ட அன்று டிராயரைக் காலி செய்யும்போது அந்தத் தீப்பெட்டியைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஒன்றுகூட மிச்சமில்லை, எல்லாம் நோட்டில் ஒட்டியாகிவிட்டது. வீட்டுக்கு நான் கொண்டுவந்தது இந்த ஒரு சட்டையைத்தான்.